இல்லாத தடைக்கு ஒரு காவல்காரர்

மறுப்பு எழுதுகிறவனுக்குப் பழைய ஒழுக்கம் ஒன்று உண்டு. எதிராளி சொன்னதை, அவரே ஆமாம் என்று தலையாட்டும்படி முதலில் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். கைவைப்பது அதற்குப் பிறகுதான். பரபக்கத்தைச் சொல்லாமல் சுபக்கத்துக்குத் தாவுவதை நம் தர்க்க மரபு மதித்ததில்லை. சென்ற இதழில் ஹெம்ப் சாகுபடியை எதிர்த்துப் பக்கம் பக்கமாகப் பொங்கியிருக்கும் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிக்கு அந்த மரியாதையைச் செய்துவிட்டே தொடங்குகிறேன். அவர் தன் எதிர்த்தரப்புக்கு அதைச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் சொல்வது இவ்வளவுதான். ஹெம்பும் கஞ்சாவும் ஒரே செடி. அந்தச் செடியை 1985-லேயே நாடு தடைசெய்துவிட்டது. இமாசலப் பிரதேச அரசு நார், விதை, மருந்து என்று சாக்குச் சொல்லி அந்தத் தடையில் ஓட்டை போடுகிறது. அனுமதித்தால் நார் வயலுக்குள் கஞ்சா ஒளிந்துகொள்ளும். அதைக் கண்காணிக்க நம் நிர்வாகத்துக்கு வக்கில்லை. அமெரிக்காவே அனுமதித்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. இதெல்லாம் நம் மரபுக்கு ஒவ்வாத மேற்கத்தியச் சரக்கு. கடைசியில் பாழாகப்போவது நம் பிள்ளைகள். கேட்பதற்குக் கோவையாகத்தான் இருக்கிறது. அவரவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கும் எந்தத் தகப்பனும் ‘அதானே’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். புரட்டிவிட வேண்டும் என்பதுதான் கட்டுரையின் நோக்கமும். நின்று படித்தால் தாங்காத எழுத்து அது. நாம் கொஞ்சம் நின்று படிப்போம்.

முதலில், செடியை 1985-ல் தடைசெய்துவிட்டோம் என்ற கூற்று. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை அவர் கட்டுரை நெடுகச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். ஆனால் சாட்சி வாயைத் திறக்கும்போதெல்லாம் போதும் போதும் என்று உட்காரவைத்துவிடுகிறார். அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில், கஞ்சாச் செடியைப் பயிரிடக் கூடாது என்று சொல்கிற 8-ஆம் பிரிவே மருத்துவ, அறிவியல் தேவைகளுக்கு விலக்குத் தருகிறது. 10-ஆம் பிரிவு, கஞ்சாச் சாகுபடியை அனுமதிக்கவும் கட்டுப்படுத்தவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. 14-ஆம் பிரிவோ இன்னும் வெளிப்படை: 8-ஆம் பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, நாரும் விதையும் எடுக்கும் தொழில்துறைத் தேவைக்காகவோ தோட்டக்கலைக்காகவோ மட்டும் கஞ்சாச் செடியைப் பயிரிட அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம் என்கிறது. ஹெம்ப் கம்பெனிக்காரர்கள் பின்வாசல் வழியாகப் பிற்பாடு செருகிய திருத்தம் அன்று இது. சட்டத்தோடு கூடப் பிறந்த பிரிவு. நெடுங்காலம் அரசுப் பணியில் இருந்ததைத் தன் தகுதியாக முதல் பத்தியிலேயே பறைசாற்றுகிற ஒருவருக்கு, 8-லிருந்து 14-க்குப் போகும் வழி எப்படித் தவறியது?

அந்தச் சட்டத்துக்குத் தாய்ச் சட்டம் என்று அவரே கைகூப்பும் 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கையும் அவரைக் கைவிடுகிறது. அதன் 28-ஆம் விதி, நாருக்கும் விதைக்குமான சாகுபடிக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று சொல்லி விலகிக்கொள்கிறது. 2012-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய போதைப்பொருள் கொள்கை இன்னும் ஒருபடி மேலே போய், போதை தரும் டி.ஹெச்.சி. குறைவாக உள்ள ரகங்களில் ஆராய்ச்சியையும் சோதனைச் சாகுபடியையும் ஊக்குவிப்போம் என்று எழுதிவைத்தது. அதாவது நாடாளுமன்றம் சொல்லியிருக்கிறது, ஐ.நா. சொல்லியிருக்கிறது, மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை சொல்லியிருக்கிறது. உத்தராகண்ட் 2018-ல் முதல் உரிமம் கொடுத்தது. இமாசலம் 2023-ல் வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் குழு அமைத்து, 2024 செப்டம்பரில் அதன் அறிக்கையைச் சட்டமன்றத்தில் ஏற்று, 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் முன்னோடி ஆய்வுக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஊர்ந்து ஊர்ந்து நகரும் இந்த அரசாங்க நத்தையைப் பார்த்தா ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறங்கிவிட்டார்கள்’ என அலறுவது?

இரண்டாவது, ஒரே செடி என்ற வாதம். ஆமாம், ஒரே சிற்றினம்தான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே செடி ஆகையால் ஒரே சட்டம் என்ற முடிவுக்கு அவர் வந்த பாதையில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. அதைப் பார்க்க அவர் இமயமலைக்குப் போக வேண்டாம். தன் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் போகட்டும். குருமாவுக்கு அரைக்கிற கசகசா எந்தச் செடியின் விதை? அபின் வடிகிற அதே செடியின், அதே காயின் விதை. காயைக் கீறினால் வடியும் பால் பத்தாண்டு, இருபதாண்டு சிறைக்கு அனுப்பும். காய் முற்றி வெடித்தால் உதிரும் விதை மளிகைக் கடையில் நூறு கிராம் பொட்டலமாகத் தொங்கும். இந்த வேறுபாட்டைக் காண மறுக்கிற சில வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் பிள்ளைகளிடம், பெட்டியில் மறந்துபோய்க்கூடக் கசகசா வைத்துவிடாதே என்று சொல்லி அனுப்புகிறோமே, அப்போது அந்த நாட்டுச் சட்டத்தை நாம் மனதுக்குள் என்னவென்று நினைத்துக்கொள்கிறோம்? அதே சட்டத்தைத்தான் ஹெம்புக்கு இங்கே கேட்கிறார் நம் அதிகாரி, அதுவும் முற்போக்கான ஆலோசனை என்ற பாவனையில்.

நம் சட்டம் அவரைவிட நுட்பமானது. அதன் வரையறைப்படி கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. சரஸ் என்பது பிசின். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள்ளேயே வருவதில்லை. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் நடக்கின்றன. காசிக்குத் தலயாத்திரை போன நம்மூர்ப் பெரியவர்கள் பலர் அவற்றைத் தாண்டித்தான் விசுவநாதரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். போதை தரும் இலையை அரசாங்க உரிமத்தோடு அரைத்து விற்கும் கடையைப் பற்றி மூச்சுவிடாத கட்டுரை, போதையே தராத நாரைக் கண்டு நெஞ்சில் அடித்துக்கொள்வது என்ன வகை அறச்சீற்றம்?

நார் வயலுக்குள் கஞ்சா ஒளிந்துகொள்ளும் என்ற அச்சம் ஒரே செடி வாதத்தின் கிளை. கட்டுரையிலேயே மிகவும் நம்பும்படியாக இருப்பதும் இதுதான். ஆனால் இதில்தான் அவருடைய வயல் அறிவின் வறட்சி முழுதாகத் தெரிகிறது. நாருக்காக விதைக்கும் ஹெம்ப் நெருக்கமாக நிற்கும். ஒரு சதுர மீட்டரில் நூறு, இருநூறு தட்டைகள். கிளை விட இடமில்லாமல் ஒல்லியாக ஆளுயரத்தைத் தாண்டி நெடுநெடுவென வளர வேண்டும் என்பதற்காகவே அப்படி விதைக்கிறார்கள். பூ முற்றுவதற்கு முன்பே அறுத்துவிடுகிறார்கள். போதைக்காக வளர்ப்பவனுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: இடைவெளி விட்டு, கிளை பரப்பி, புதராக நிற்கும் பெண்செடி, அதுவும் கருவுறாத பெண்செடி. ஆண்பூவின் மகரந்தம் பட்டுவிட்டால் பூ விதை கட்டிவிடும், சரக்கின் வீரியம் போய்விடும். அந்நாளைய வங்காளத்தின் நவகாவ் பகுதியில் அரசாங்கக் கண்காணிப்பில் கஞ்சா விளைந்த காலத்தில், ஆண்செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கி எறிவதற்கென்றே தேர்ந்த ஆட்களை வயலுக்கு வயல் கூலி கொடுத்து அழைத்தார்கள். ஹெம்ப் வயல் என்பதோ ஆண்செடிகள் மண்டிக்கிடக்கும் வயல்; அதன் மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். கஞ்சா வளர்க்கிற எந்தக் கள்ளனாவது தன் பயிரை அதற்கு நடுவில் கொண்டுபோய் ஒளித்து வைப்பானா? அவன் ஹெம்ப் வயலைக் கண்டால் காத தூரம் ஓடுவான். விளைபொருளைப் பறிமுதல் மூட்டையாக மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது வயலில் எப்படி நிற்கும் என்று தெரியாமல் போனதில் வியப்பில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதியதில்தான் வியப்பு.

மூன்றாவது வாதம், நம் நிர்வாகத்தால் கண்காணிக்க முடியாது என்பது. இங்கே அதிகாரி தன்னைத் தானே எதிர்த்து வாதாடுகிறார். கட்டுரையின் நடுப்பகுதியில், மலைக்காட்டுக்குள் ஆள் நுழைய முடியாத சரிவுகளில் இருந்த கஞ்சாத் தோட்டங்களைக்கூடச் செயற்கைக்கோள் படத்தையும் ட்ரோனையும் கொண்டு கண்டுபிடித்து அழித்ததாகப் பெருமைப்படுகிறார். இரண்டு பக்கம் தள்ளி, சர்வே எண்ணோடு, பட்டாவோடு, உரிமம் வாங்கி, இந்தத் தேதியில் விதைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிற குடியானவனின் வயலை நம்மால் கண்காணிக்க முடியாது என்கிறார். ஒளிந்திருப்பது தெரியும், கண்முன்னே நிற்பது தெரியாது என்கிற இந்தப் பார்வைக் கோளாறுக்கு எந்தக் கண் மருத்துவரிடம் போவது?

சரி, கண்காணித்த அனுபவம் இந்த நாட்டுக்கு இல்லையா? கஞ்சாவைவிடப் பல மடங்கு ஆபத்தான அபின் பயிரை மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானின் சித்தோர்கட், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி என்று பல மாவட்டங்களில் உரிமத்தோடு விளைவிக்கிற நாடு இது. ஒவ்வோர் ஆண்டும் மத்திய அரசு உரிம நிபந்தனைகளை அறிவிக்கிறது. குவாலியரில் தலைமையகம் கொண்ட மத்திய போதைப்பொருள் பணியகம் உரிமம் கொடுக்கிறது. ஒருவருக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் அளவுதான். வயலை அதிகாரிகள் வந்து அளக்கிறார்கள். காய் கீறத் தொடங்கிய நாள் முதல் அன்றன்று வடித்த பாலை லம்பர்தார் என்னும் ஊர்ப் பொறுப்பாளர் முன்னால் எடைபோட்டு ஏட்டில் பதிய வேண்டும். திடீரென்று வந்து மறு எடை போடுவார்கள். கடைசியில் ஒரு துளி மிச்சமில்லாமல் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே ஈரப்பதம் பார்த்து, தரம் பார்த்து, நீமச், காஜிப்பூர் அரசு ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நிர்ணயித்த அளவுக்குக் கீழே விளைச்சல் போனால் அடுத்த ஆண்டு உரிமம் இல்லை. இதில் கசிவே இல்லையா? இருக்கிறது. அதற்காக நீமச் ஆலையைப் பூட்டிவிட்டு, புற்றுநோயாளிக்கு மார்ஃபின் இல்லை போ என்று சொல்லிவிடலாமா? அபினையே ஏட்டில் எழுதி எடைபோடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, கயிறு திரிக்கிற தட்டையை எண்ணத் தெரியாது என்று சொல்வது அரசாங்கத்தின் மீதான விமர்சனமா, அல்லது வேலையைத் தட்டிக்கழிக்க முன்கூட்டியே எழுதிவைத்த சப்பைக்கட்டா?

நான்காவது, அமெரிக்கா. இதுதான் அவருடைய துருப்புச் சீட்டு. 2018-ல் ஹெம்பை அனுமதித்த அமெரிக்கா 2025 நவம்பரில் தடைசெய்துவிட்டது, பார்த்தீர்களா என்கிறார். மணிமேகலையில் தர்க்கம் பேசுகிற காதை, பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் போலிகளை வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறது; நம் அதிகாரியின் அமெரிக்க எடுத்துக்காட்டு அதில் திட்டாந்தப் போலி என்ற தலைப்பின் கீழ் சம்மணமிட்டு உட்காரத் தகுதி உள்ளது. எந்த முடிவுக்குச் சான்றாகக் காட்டுகிறாரோ அதற்கு நேரெதிரானதை அது நிறுவுகிறது.

அங்கே நடந்தது என்ன? 2018 வேளாண் சட்டம், உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டெல்டா-9 டி.ஹெச்.சி. இல்லாத கஞ்சாச் செடியெல்லாம் ஹெம்ப் என்று வரையறுத்தது. வயலில் நிற்கும் செடிக்கு அது ஒரு கணக்கு. ஆனால் அந்தச் செடியிலிருந்து பிறக்கும் மிட்டாய்க்கும் குளிர்பானத்துக்கும் என்ன கணக்கு என்று யாரும் உருப்படியாக எழுதிவைக்கவில்லை. நாலு கிராம் ஜெல்லி மிட்டாயில் 0.3 சதவீதம் என்பது 12 மில்லிகிராம். ஒருவருக்குத் தலை சுற்றுவதற்கு அது தாராளம். 350 கிராம் குளிர்பானத்தில் அதே சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல், ஒரு தெருவையே படுக்கவைக்கும் அளவு. இதற்குமேல், சட்டம் டெல்டா-9 என்று மட்டும் பெயர் சொன்னதால், போதை தராத சி.பி.டி.யை ஆய்வகத்தில் அமிலத்தைக்கொண்டு போதை தரும் டெல்டா-8 ஆக மாற்றி, பெட்ரோல் பங்க் கடைகளில் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். நாடு முழுமைக்குமான வயது வரம்பும் கிடையாது. இது ஹெம்ப் சாகுபடியின் தோல்வியா, இல்லை பயிருக்கு விதி எழுதிவிட்டுப் பண்டத்துக்கு விதி எழுத மறந்த அரசாங்கத்தின் தோல்வியா?

2025-ன் புதிய சட்டம் இந்த மறதியைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. டெல்டா-9 மட்டுமின்றி எல்லா வகை டி.ஹெச்.சி.யையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. செயற்கையாக மாற்றியவற்றை விலக்குகிறது. விற்பனைக்கு வரும் ஒரு புட்டிக்கோ பொட்டலத்துக்கோ 0.4 மில்லிகிராம் என்று உச்சவரம்பு போடுகிறது. ஓராண்டு அவகாசமும் தருகிறது. நாருக்கும் தானியத்துக்கும் எண்ணெய்க்குமான ஹெம்பைத் தொழில்துறை ஹெம்ப் என்று தனியே பிரித்துத் தொடாமல் விடுகிறது. 2018-ல் ஹெம்புக்காக வாதாடிய கென்டக்கி செனட்டர் மிட்ச் மக்கானலே 2025-ல் இந்த வரம்புக்காகவும் நின்றார். அதே மாநிலத்தின் ரேண்ட் பால் அதை நீக்கக் கொண்டுவந்த திருத்தம் 76-க்கு 24 என்று ஓரங்கட்டப்பட்டது. அந்த வரம்பு அளவுமீறிக் கடுமையானது என்று வாதிட இடமுண்டு, நானே வாதிடுவேன். ஆனால் அமெரிக்கா ஹெம்ப் சாகுபடியைத் தடைசெய்துவிட்டது என்று எழுதுவதற்கு, செய்தியின் தலைப்போடு நின்றுகொள்ளும் அபார நிதானம் வேண்டும்.

அமெரிக்காவைக் காட்டியவர், தனக்குத் தோதாக மற்ற நாடுகளை மறைத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். போதைப்பொருள் குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கிற சீனாதான் உலகில் ஹெம்ப் பயிரிடும் முன்னணி நாடுகளில் ஒன்று. யுன்னான் மாகாணம் 2010 முதல் உரிமம் கொடுக்கிறது. கஞ்சா புகைப்பதை இன்னும் குற்றமாக வைத்திருக்கும் பிரான்ஸ், ஐரோப்பாவில் ஹெம்ப் சாகுபடியில் முதலிடம். கனடா 1998-ல் ஹெம்பை ஒழுங்குபடுத்தியது; கஞ்சாவை அனுமதித்தது இருபது ஆண்டுகள் கழித்து, 2018-ல். ஒன்றை அனுமதித்தால் மற்றது பின்னாலேயே வந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர், சீனாவையும் பிரான்சையும் வரைபடத்திலிருந்தே அழித்தால்தான் அந்தப் பயம் நிற்கும்.

ஐந்தாவது, மரபு. ஹெம்ப் மேற்கத்திய கம்பெனிகளின் இறக்குமதி என்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்கிறேன்: குமாவுன் மலையில் பாங்கு விதையை வறுத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அரைக்கிற துவையல் எந்த மேற்கத்திய கம்பெனியின் தயாரிப்பு? அந்தத் தட்டையில் உரித்த நாரைக்கொண்டு கயிறு திரித்த மலைக்குடிகள் எந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள்? சித்த மருத்துவ நூல்களில் கஞ்சாவைச் சேர்த்த பாகங்கள் எந்த ஏகாதிபத்தியத்தின் சதி?

உண்மையில் மேற்கிலிருந்து வந்தது அவர் கட்டிக்கொண்டு அழுகிற பீதிதான். டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற மதுவிலக்குப் பிரசாரகர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுப்பிய கேள்வியால், 1893-ல் இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. மூன்று இந்தியர்களும் உறுப்பினர்களாக இருந்த அந்த ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. கஞ்சா பைத்தியமாக்குகிறது என்பதற்கு ஆதாரமாக மனநோய் விடுதிகளின் பதிவேடுகளைக் காட்டினார்கள். ஆணையத்தினர் கொஞ்சம் நின்று படிக்கிற ரகம், பதிவேட்டைத் தோண்டினார்கள். ‘நோய்க்குக் காரணம்’ என்ற கட்டத்தில் கஞ்சா என்று எழுதியது பெரும்பாலும் மருத்துவர் அல்லர், நோயாளியைப் பிடித்துவந்த போலீஸ்காரர்கள் சொன்னதை நிரப்பிய குமாஸ்தா. காலிக் கட்டம் இருக்கக் கூடாதே! முழுத் தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை. உரிமமும் வரியும் கண்காணிப்புமே வழி என்று 1894-ல் முடிவு சொன்னார்கள். இன்றைய வீரியமான சரக்கு பதின்வயது மூளைக்குச் செய்யும் கேடு உண்மை. அன்றைய ஆணையத்தின் முடிவை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஒரு முடிவுக்கு வரும்முன் கட்டத்தை நிரப்பியவர் யார் என்று பார்க்கிற அந்தப் பழக்கம் இன்றைக்கும் பொருந்தும். குறிப்பாகப் பணி ஓய்வுக்குப் பின் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு.

மரபைக் காப்பவர் உண்மையில் ஆத்திரப்பட வேண்டிய இடத்தை மட்டும் கோட்டைவிட்டுவிட்டார். உலகமே வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கும் அந்த 0.3 சதவீதம் எங்கிருந்து வந்தது? 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்க்விஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் கஞ்சாச் செடியை வகைப்படுத்துவதற்காக இழுத்த கோடு அது; தன்னிச்சையாகத் தேர்ந்தெடுத்த எல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். போதை எந்த அளவில் ஏறும் என்ற ஆராய்ச்சிக்கும் அதற்கும் உறவில்லை. ஸ்விட்சர்லாந்து அதை 1 சதவீதமாக வைத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 0.2 என்று சொல்லிவந்துவிட்டு 2023-ல் 0.3-க்கு ஏற்றியது. உத்தராகண்டோ வாய்பேசாமல் 0.3-ஐக் கடன் வாங்கிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் முளைக்கும் நாட்டுச் செடி பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆக, சொந்த மண்ணின் விதை குற்றவாளி, கோட்டுக்குள் அடங்கும் விதைக்கு விவசாயி அலைய வேண்டும். மேற்கத்தியத் திணிப்பு என்று ஒன்று இந்தக் கதையில் இருக்கிறதென்றால் அது இதுதான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி உண்டா? இருக்காது; ஏனென்றால் அந்த எண்ணைத்தான் அவரும் ‘விஞ்ஞானபூர்வமான அளவு’ என்று போற்றுகிறார்.

ஆறாவது, இளைஞர்கள். எதிலும் வாதம் தீர்ந்துபோனால் பிள்ளைகளை முன்னால் நிறுத்துவது நம் பொதுவாழ்வின் பழக்கம். 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், ஏறத்தாழ 16 கோடிப் பேர் என்கிறது. பாங்கு, கஞ்சா, சரஸ் எல்லாம் சேர்த்தே 2.8 சதவீதம், 3.1 கோடி, அதிலும் பெரும்பங்கு பாங்கு. டாஸ்மாக் வழியாக ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்க்கிற மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, இளைஞர்களின் எதிர்காலத்தை ஹெம்ப் சட்டையும் ஹெம்ப் கயிறும் கெடுத்துவிடும் என்று கண்ணீர் வடிக்க, கல்நெஞ்சு இருந்தால் போதாது, கொஞ்சம் நகைச்சுவை உணர்வும் வேண்டும். நார்த் தட்டையைச் சுருட்டிப் புகைத்தால் வருவது தலைவலிதான். அதைப் புகைக்கும் அளவுக்கு நம் பிள்ளைகள் மூடர்கள் என்று அவர் கருதினால், அது பிள்ளைகள்மேல் அவருக்குள்ள அக்கறைக்கு நல்ல அத்தாட்சி.

இத்தனையும் சொல்வதால் என்னை ஹெம்ப் பஜனைக் கோஷ்டியில் சேர்த்துவிட வேண்டாம். ஹெம்பைக் கற்பக விருட்சமாக்கி, வீடு கட்டலாம், புற்றுநோய் தீரும், பூமி குளிரும் என்று ஒரே மூச்சில் அளக்கிற தொழில்முனைவோர்களும் அதிகாரியின் மறுபக்கம்தான். ஒழுங்குமுறை வேண்டும், எந்த இடத்தில், யாருக்கு என்பதே கேள்வி.

ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் விதை மாவையும் உணவாக அங்கீகரித்துவிட்டது. ஆக இந்தியாவெங்கும் அதை விற்கலாம், வாங்கலாம், தின்னலாம். பெரும்பாலான மாநிலங்களில் விதைக்க மட்டும் முடியாது, விதைத்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும். வியாபாரியின் அலமாரியில் சத்துணவாக இருப்பது குடியானவனின் வயலில் குற்றப்பொருளாகிவிடுகிறது. இன்னோர் இடம்: சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கும் இலையிலிருந்து எடுத்த சாறு, விஜயா என்ற பெயரில், ஆயுஷ் உரிமத்தோடு, வலிக்கும் தூக்கத்துக்கும் எண்ணெயாக இணையத்தில் விற்கிறது. மருத்துவர் சீட்டு வேண்டும் என்பது விதி. சீட்டு எழுதியவர் நோயாளியைப் பார்த்தாரா, புட்டியில் எத்தனை மில்லிகிராம் என்று ஒட்டியிருக்கும் சீட்டு மெய்தானா என்று யார் சோதிக்கிறார்கள்? அமெரிக்கா சறுக்கிய அதே வழுக்குப்பாறை இது. அதிகாரியின் பேனா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குடியானவனைப் பிடிப்பது எளிது, கம்பெனியின் புட்டியைச் சோதிப்பது கடினம் என்ற பணிக்கால ஞானமாக இருக்கலாம்.

அவருடைய உள்நோக்கம் பணமென்றோ செல்வாக்கென்றோ நான் சொல்லவில்லை. அதைவிடச் சாதாரணமானது அது. தடை என்பது நிர்வாகத்துக்கு ஓய்வு. ‘முடியாது’ என்று ஒரு முத்திரை, வருடத்துக்கு நான்கு முறை மூட்டைகளுக்குப் பின்னால் நின்று புகைப்படம், முடிந்தது வேலை. ஒழுங்குமுறை என்றால் உழைப்பு: விதி எழுத வேண்டும், ஆய்வகம் வைக்க வேண்டும், விண்ணப்பத்துக்குக் காலக்கெடுவுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். வெயில் கூடியதாலோ அறுவடை தள்ளிப்போனதாலோ பயிர் 0.3-க்குப் பதில் 0.4 காட்டினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண் துறை 2021-ல் அதற்கு விடை எழுதியது: அறுவடைக்கு முந்தைய 30 நாளுக்குள் மாதிரி எடு, வரம்பை மீறிய பயிரை அழி அல்லது திருத்து, 1 சதவீதத்தைத் தாண்டினால் மட்டுமே விவசாயியின் கவனக்குறைவு என்று கொள். நம் சட்டத்தின் 35-ஆம் பிரிவோ குற்ற மனம் இருந்ததாகவே அனுமானித்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தை விவசாயியின் தலையில் வைக்கிறது. அந்தப் பிரிவும் 14-ஆம் பிரிவும் ஒரே வயலில் சந்திக்கும்போது எது முந்தும்? இதுவல்லவா பேசவேண்டிய பேச்சு?

அதிகாரி தன் வாதத்தை மெய்யாகவே நம்புகிறார் என்றால் அவர் கேட்கவேண்டியவை மூன்று: 14-ஆம் பிரிவை நாடாளுமன்றம் நீக்கட்டும் என்று கேட்க வேண்டும், உத்தரப் பிரதேசத்தின் பாங்குக் கடைகளை மூடுங்கள் என்று கேட்க வேண்டும், ஒரே செடி ஒரே சட்டம் என்ற நியாயப்படி நம் மளிகைக் கடைகளிலிருந்து கசகசாவை அள்ளிப்போகச் சொல்ல வேண்டும். அத்தனை பக்கங்களில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் கட்டுரையில் தென்படும் ஒரே சட்ட ஞானம் அதுதான்.